மாறக்கூடாத எண்

அந்தச் செய்தி வந்த காலையில் சுள்ளி வாய் நிறையப் பற்பசை நுரையோடு நின்றிருந்தாள். அக்கா கதவைத் தள்ளிய வேகத்தில் கைப்பிடி சுவரில் மோதியது. ஏழு மாத வயிற்றோடு உள்ளே வந்தவள், கைபேசியைத் தங்கையின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இது நீதானே?"

அவள்தான். ஆராய்ச்சி நிலையத்தின் படிக்கட்டில் மூன்று பேர் நிற்கும் படம். நடுவில் கையைக் கட்டிக்கொண்டு பேராசிரியர். ஒரு பக்கம் மொட்டை, கணினி நிரல் எழுதுகிறவன். இன்னொரு பக்கம் சுள்ளி, சரியாகக் கண்ணை மூடிய நேரத்தில். மேலே கொட்டை எழுத்தில், 'பிரபஞ்சம் எந்த நொடியும் அழியலாம்: புதிய கணக்கு சொல்கிறது.'

"செத்துப்போன மாதிரி நிக்கறே," என்றாள் அக்கா.

சுள்ளி துப்பிவிட்டு முகம் கழுவினாள். "இவங்க எப்பவும் இப்படித்தான் ஊதிப் பெருசாக்குவாங்க. நாங்க அப்படி எழுதல."

"அப்ப என்ன எழுதினீங்க?"

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். சுள்ளிக்குச் சின்ன வயதிலிருந்தே பொய் வராது. வந்தாலும் காது சிவந்துவிடும்.

"வாய்ப்பு இருக்குன்னு எழுதினோம். ஒரு நாளைக்குன்னு பாத்தா ரொம்பக் கம்மிதான். ஆனா எல்லாரும் நினைச்சதைவிட அதிகம்."

அக்கா ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டாள். இதற்கு முன் இரண்டு முறை கரு தங்கி, பாதியில் கலைந்து போயிருந்தது. இந்த முறை டாக்டர் சொன்னதையெல்லாம் அட்சரம் பிசகாமல் கேட்டு, தையல் வேலையை விட்டு, மாடிப்படி இறங்காமல், சிரிப்பைக்கூட அளந்து சிரித்து இவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

"எவ்வளவு அதிகம்?" என்று கேட்டாள்.

சுள்ளி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு துடைத்தாள். தேவைக்கு மேல் நேரம் எடுத்துத் துடைத்தாள்.

அவர்கள் போட்ட கணக்கு இதுதான். வெற்றிடம் என்று நாம் சொல்வது உண்மையில் காலியாக இல்லை. அதில் எங்கும் புலங்கள் நிரம்பியிருக்கின்றன. அவை ஒரு பள்ளத்தில் உருண்டு வந்து நின்ற பந்துபோல அமைதியாக இருக்கின்றன. அந்தப் பள்ளமே அடிமட்டம் என்றால் கவலையில்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம் இன்னும் ஆழமான பள்ளம் இருந்தால், எங்கோ ஓரிடத்தில் புலம் மேட்டைத் துளைத்துக்கொண்டு அங்கே இறங்கிவிடலாம். அப்படி நடந்தால் அந்த இடத்தில் ஒரு குமிழ் பிறக்கும். அது கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் விரியும். அதற்குள் அகப்பட்ட எதிலும் அணு என்று ஒன்று மிஞ்சாது. அந்த வேகத்தில் வருவதால், வருகிறது என்ற தகவல்கூட நமக்கு முன்கூட்டிக் கிடைக்காது.

அதற்கு ஆகக்கூடிய காலம் நினைத்துப் பார்க்க முடியாத அளவு நீளமானது என்றுதான் அதுவரை எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சமீபத்தில் ஒரு சோதனையில் புதிய துகள் ஒன்றின் சாடை தெரிந்தது. அதையும் சேர்த்துப் போடலாம் என்றார் பேராசிரியர். சுள்ளி போட்டாள், மொட்டை கணினியில் ஓட்டினான். விடை தலைகீழாக வந்தது. இதுவரை குமிழ் பிறக்காமல் இருந்ததே அதிர்ஷ்டம் என்கிற அளவுக்கு.

சுள்ளிக்கே பயம் தொற்றியிருந்தது. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது, எதிரே சலவைக் கடையின் கண்ணாடியில் மேகம் நகர்வதைப் பார்த்தபடி, இந்த வாக்கியத்தை முடிப்பதற்குள் என்று நினைப்பாள். வாக்கியம் முடிந்துவிடும். அடுத்ததைத் தொடங்க உள்ளங்கை வேர்க்கும்.

வீட்டில் அக்கா பேச்சைக் குறைத்தாள். பிள்ளைக்கென்று தைத்துக்கொண்டிருந்த சின்னச் சட்டை, ஒரு கை வைத்தும் ஒரு கை வைக்காமலும் இயந்திரத்தின் ஊசிக்கடியிலேயே கிடந்தது. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். எதையும் சிரித்தே சமாளிப்பவர். "என் வேலையில தப்பு நடந்தா ஒரு பெட்டிதான் விழும். உங்க வேலையில மொத்தக் கடையும் காலி," என்றார் முதல் நாள். ஒரு வாரம் கழித்துச் சிரிக்கவில்லை. சமையலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அக்காவுக்குக் கேட்காதபடி சொன்னார்: "அவ சாப்பிட மாட்டேங்கறா. 'பெத்து என்ன பண்ணப் போறோம்'னு கேக்கறா. நீதானே ஆரம்பிச்சே, நீயே ஏதாவது சொல்லு."

"என்ன சொல்றது, அத்தான்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் கயிறு மாத்தறவன்."

அடுத்த மாதம் வெளியிலிருந்து நிபுணர்கள் வந்து கேட்கப்போகும் கூட்டத்தில், பேராசிரியர் சுள்ளியைப் பேசச் சொல்லியிருந்தார். யார் என்ன கேட்பார்கள் என்று யோசித்துக்கொண்டே தயார் செய்தபோதுதான், கேஜை மாற்றிப் பார்த்தீர்களா என்று யாராவது கேட்கலாமே என்று அவளுக்குத் தோன்றியது.

புலங்களைக் கணக்கில் எழுதும்போது, ஒரே இயற்கையைப் பல விதமாக எழுத முடியும். ஒரு மாடியின் உயரத்தைத் தெருவிலிருந்தும் அளக்கலாம், கடல் மட்டத்திலிருந்தும் அளக்கலாம். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கணக்கு நகராது. அந்தத் தேர்வுக்குத்தான் கேஜ் என்று பெயர். ஆனால் மாடியிலிருந்து விழுந்தவனுக்கு எலும்பு முறியுமா என்பது, நாம் எங்கிருந்து அளந்தோம் என்பதைப் பொறுத்து மாறக்கூடாது. மாறினால் கணக்கில் ஓட்டை. தேர்வைக் குறிக்க ஒரு கிரேக்க எழுத்தைப் போடுவார்கள். நெளிந்து கிடக்கும்; மொட்டை அதைப் புழு என்பான். வேலை சுலபம் என்பதால், பலரையும்போல அவர்களும் அந்தப் புழுவுக்குப் பூஜ்யம் வைத்துத்தான் போட்டிருந்தார்கள்.

சுள்ளி பூஜ்யத்தை எடுத்துவிட்டு ஒன்றை வைத்தாள். வெற்றிடத்தின் ஆயுள் கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு நீண்டுபோயிற்று. எதையோ தப்பாக அழுத்திவிட்டோம் என்று மூன்றை வைத்தாள். இந்த முறை வந்த விடைப்படி, பிரபஞ்சம் பிறந்த மறுகணமே அழிந்திருக்க வேண்டும்.

அவள் நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தாள். இருந்தது.

அடுத்த அறையிலிருந்து மொட்டையை இழுத்து வந்தாள். அவன் ரொட்டியைக் கடித்தபடியே திரையைப் பார்த்தான்; பிறகு கடிப்பதை நிறுத்தினான்.

"என் நிரல்ல தப்பு இல்ல," என்றான் முதல் வேலையாக.

"உன்னை யாரு சொன்னா? புழு போகல. கடைசி விடையில அது இருக்கவே கூடாது. இருக்கு."

"அப்ப நாம சொன்னது..."

"எதுவும் சொல்லல. நமக்கு வசதியா ஒரு கேஜை எடுத்தோம், அது குடுத்த எண்ணை ஊருக்கே சொல்லிட்டோம்."

உலகம் அழியாது என்ற நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அழியுமா அழியாதா என்பதே தெரியாமல் ஊரைப் பயமுறுத்தியிருக்கிறோம் என்ற எண்ணம்தான் வந்தது.

பேராசிரியர் அறையில் ஆரஞ்சு வாசனை. காகிதத் தட்டில் தோலை ஒரே சுருளாக உரித்துக்கொண்டிருந்தார். சுள்ளி கதவை ஒட்டியே நின்றாள்.

"சார், ஒரு விஷயம்..."

"கேஜை மாத்திப் பாத்தியா?" என்றார், பழத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, சார்?"

"தெரியும்னு இல்ல. ஒரு சந்தேகம். எல்லாரும் இந்தக் கேஜ்லதான் போடறாங்க. நாமளும் போட்டோம். அது ஒரு குத்தமாம்மா?"

"போட்டது தப்பில்ல, சார். ஆனா விடை மாறுதே. மாறக்கூடாதுல்ல?"

"எனக்கே பாடம் எடுக்கறியா?" குரலை உயர்த்தவில்லை. ஒரு சுளையைப் பிரித்தார். "கூட்டத்துல நம்ம கேஜ்ல வந்ததை மட்டும் சொல்லு. கேட்டா, அடுத்த கட்டுரையில பாக்கறோம்னு சொல்லு. உன் வேலை ஒப்பந்தம் எப்ப முடியுது?"

எப்போது முடிகிறது என்று அவருக்குத் தெரியும். புதுப்பிக்கக் கையெழுத்துப் போட வேண்டியவரே அவர்தான்.

அப்போதுதான் அவர் விரல்களைக் கவனித்தாள். நடுங்கிக்கொண்டிருந்தன; சாறு மணிக்கட்டுவரை வழிந்திருந்தது. அதைத் துடைக்கக்கூட அவர் நினைக்கவில்லை. ஓய்வு பெறப்போகிற மனிதர், வாழ்நாளில் முதல் முறையாகச் செய்தித்தாளில் வந்தவர். அவரும் பயந்திருக்கிறார் என்று கண்டதும் சுள்ளிக்குப் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. பயந்துபோன பெரிய மனிதர் என்ன செய்வார் என்று யாரால் சொல்ல முடியும்?

அவள் வெளியே வந்தாள்.

அந்த வாரமே அக்காவின் இரத்த அழுத்தம் ஏறி, மருத்துவமனையில் சேர்த்தார்கள். கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையவில்லை. டாக்டரம்மா குறிப்பட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "மருந்து குடுத்தும் இறங்கல. இந்த நோய்க்குக் காரணம் பலது இருக்கு. ஆனா இவங்க தூங்கறதே இல்லையே. எதையாவது நினைச்சுப் பயந்துட்டே இருக்காங்களா?"

அத்தான் சுள்ளியைப் பார்த்தார். சுள்ளி தரையைப் பார்த்தாள்.

டாக்டரம்மா போனதும் அவள் கட்டில் ஓரம் உட்கார்ந்து அக்காவின் கையைப் பிடித்தாள். "அக்கா, கேளு. நாங்க போட்ட கணக்கு தப்பு."

அக்கா மெல்லத் திரும்பினாள். "அப்ப ஒண்ணும் ஆகாதா?"

"தப்புன்னு தெரியும். சரியான விடை என்னன்னு இன்னும்..."

"இன்னும் தெரியாது." அக்கா கையை இழுத்துக்கொண்டாள். "முதல்ல கொஞ்சம்னே. இப்ப தெரியாதுங்கறே. ஏண்டி, தெரியாமத்தான் அந்தக் கட்டுரையில பேரைப் போட்டீங்களா?"

அதற்குமேல் சுள்ளிக்கு வேறு வழி இருக்கவில்லை. வார்டுக்கு வெளியே நீளமான நடைக்கூடத்தில், சுவரோடு பிணைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்து கணக்கை முதலிலிருந்து எழுதினாள். வரவேற்பு மேசையில் இருந்த பெண் வெள்ளைத்தாள் கொடுத்தாள். மொட்டை மடிக்கணினியும் இரண்டு வாழைப்பழமுமாக வந்து சேர்ந்தான். பேராசிரியருக்குத் தெரிந்தால் தன் கதியும் அதோகதிதான் என்று புலம்பினான்; புலம்பிக்கொண்டே வேலையும் செய்தான். சக்கர நாற்காலிகள் அவர்கள் முழங்காலை உரசிக்கொண்டு போயின.

ஓட்டை தொடக்கத்திலேயே இருந்தது. குமிழ் பிறக்கும் வேகம் இரண்டு துண்டுகளால் ஆனது. ஒன்று, மேடு எவ்வளவு உயரம் என்பது. மற்றது, புலம் அசைவதற்கு எவ்வளவு பாரமாக இருக்கிறது என்பது. புழு இரண்டிலும் நுழையும். ஒன்றில் எவ்வளவு ஏற்றுகிறதோ, மற்றதில் அவ்வளவு இறக்கும். இரண்டையும் சேர்த்தால்தான் அது போகும். அவர்கள் தேர்ந்தெடுத்த கேஜில் இரண்டாவது துண்டு சின்னதாகத் தெரிந்ததால், இதை விட்டுவிடலாம் என்று பேராசிரியர் சொல்ல, சுள்ளி ஒரே கோட்டில் அடித்துவிட்டிருந்தாள். கடைசி விடையிலோ இந்தத் துண்டுகள் ஓர் எண்ணின் தலையில் அடுக்காக ஏறி உட்காரும்; அடுக்கு ஒன்று கூடினாலும் விடை பல மடங்காகிவிடும். அங்கே சின்னது என்று எதுவுமில்லை.

அடித்ததைத் திரும்பச் சேர்த்தாள். வரிசை வரிசையாகப் புழு உதிர்ந்தது. மொட்டை தாளின் மேல் குனிந்து, "செத்துடுச்சு. சுள்ளி, செத்துடுச்சு," என்று கத்த, எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் திடுக்கிட்டு நெஞ்சில் கை வைத்தார். "ஐயோ, மனுஷங்க இல்லைங்க, எழுத்து," என்று மொட்டை அவரைச் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது.

மிஞ்சிய விடை, வெற்றிடம் இப்போதைக்கு எங்கும் போகாது என்றது. புதிய துகளைச் சேர்த்தாலும், பழைய கணக்குகள் சொன்ன நெடிய ஆயுளுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. ஆனால் தனக்கு வேண்டிய விடையே வந்துவிட்டது என்பதாலேயே சுள்ளி அதை நம்பவில்லை. முற்றிலும் வேறு வகையான இன்னொரு கேஜில் புதிதாகப் போட்டாள். அதே எண். மொட்டையைத் தன் தாள்களைப் பார்க்காமல் தனியாகப் போடச் சொன்னாள். அதே எண்.

கூட்டத்தன்று அறை நிரம்பியிருந்தது. பேராசிரியர் முன்வரிசை நடுவில். சுள்ளி எழுதத் தொடங்கியதும் பேனா வெள்ளைப் பலகையில் கிறீச்சிட்டது. பழைய கணக்கை எழுதினாள். பிறகு, "இந்த விடை தப்பு," என்றாள். "நாங்க வெளியிட்ட எண் கேஜோட சேர்ந்து மாறுது. விட்டுப்போன துண்டு இது." அதைப் பக்கத்தில் எழுதினாள்.

பேராசிரியர் எழுந்து, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார். முகத்தில் தகப்பனின் வருத்தம். "மன்னிக்கணும். இந்தப் பொண்ணோட அக்கா ஆஸ்பத்திரியில இருக்காங்க. பாவம், தூக்கமில்லாம இருக்கா. நாம இதை இன்னொரு நாள் வச்சுக்கலாம்."

சுள்ளி பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அக்காவைப் பற்றி இவரிடம் யார் சொன்னது? மொட்டையா? பின்வரிசையில் அவன் தலையைத் தொங்கப் போட்டிருந்தான். யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவளைத் தாண்டிச் சுவரைப் பார்த்தார்கள். இறங்கிப் போய்விடலாம் என்று ஒரு காலை எடுத்தும் வைத்தாள்.

"தூக்கமில்லதான்," என்று சொல்லிவிட்டாள். "வரிகள் இங்க இருக்கு. யாராவது வந்து பாருங்க."

மொட்டை எழுந்து நின்றான். காதுவரை வியர்த்திருந்தது. "நானும் தனியாப் போட்டேன், சார். அதே விடைதான் வருது," என்றான். சொன்னவுடன் உட்கார்ந்துவிட்டான்.

வெளியிலிருந்து வந்திருந்த நிபுணர்களில் நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய ஓர் அம்மையார், ஒரு வார்த்தை பேசாமல் பலகைக்கு வந்தார். இரண்டு துண்டுகளையும் விரலால் தொட்டுத் தொட்டு வாய்க்குள் கணக்குப் போட்டார். பாதியில் நின்றார். தலையை ஆட்டினார். அந்த ஆட்டல் ஆமாமா இல்லையா என்று சுள்ளிக்குத் தெரியவில்லை.

"போகுது," என்றார் அம்மையார். "சரியாத்தான் போகுது." பேராசிரியரிடம் திரும்பினார். "கட்டுரையைத் திரும்ப வாங்கிக்குவீங்கல்ல?"

பேராசிரியர் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று சுள்ளிக்குத் தெரியாது. மேசைமேல் இருந்த அவள் கைபேசி நடுங்கியது. அத்தான். "உடனே கிளம்பி வா. குழந்தையை வெளிய எடுக்கப் போறாங்களாம்."

அவள் போய்ச் சேர்ந்தபோது தள்ளுகட்டில் அறுவை அறையின் கதவருகே இருந்தது. அக்காவின் முகம் ஊதி, கண்கள் சின்னதாகியிருந்தன. சுள்ளி கட்டிலோடு ஓடினாள். "அக்கா, கணக்கு முடிஞ்சது. ஒண்ணும் ஆகாது. மூணு தடவை பாத்துட்டேன். நிஜமா ஒண்ணும் ஆகாது."

அக்கா அவளை உற்றுப் பார்த்தாள்.

"அன்னைக்கும் இதே முகத்தோடதான்டி சொன்னே," என்றாள்.

கதவு மூடிக்கொண்டது.

சுள்ளியும் அத்தானும் சுவரோரம் நின்றார்கள். உட்கார இருவருக்கும் தைரியம் வரவில்லை. உள்ளே இரும்புச் சாமான்கள் தட்டில் விழும் சத்தம் கேட்டது; ஒருத்தி யாரையோ வேகமாகக் கூப்பிட்டாள்; பிறகு எதுவும் கேட்கவில்லை. உலகம் அழிவதைப் பற்றி மாதக்கணக்கில் பயந்திருக்கிறாள். அந்தப் பயமெல்லாம் சேர்ந்தாலும் அந்தக் கதவின் முன் நின்ற நேரத்துக்கு உறை போடக் காணாது. அத்தான் தன் சட்டைப் பொத்தானைத் திருகித் திருகிப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அது ஏன் கையில் இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை.

குழந்தை உள்ளங்கை நீளக் கால்களோடு பிறந்தது. பெண். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். அக்காவுக்கு அழுத்தம் இறங்க நாளாயிற்று, இறங்கியது. குழந்தையும் எடை கூடி, பாலை விழுங்கக் கற்றுக்கொண்டு, ஒருவழியாக வீட்டுக்கு வந்தது.

கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். முதலில் அலறிய செய்தித்தாள் இதை உள்பக்கத்தில், கண்ணாடி போட்டுத் தேடினால் கிடைக்கும்படி வெளியிட்டது. பேராசிரியர் உடல்நிலை காரணமாக விடுப்பில் போனார். போகும்முன் சுள்ளியின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. மறுத்தாரா, மறந்தாரா என்று கடைசிவரை தெரியவில்லை. மொட்டைக்கு வேலை தங்கியது. அக்காவைப் பற்றி வாய்தவறி உளறியது தான்தான் என்று அவனே வந்து ஒப்புக்கொண்டான். அவள் அவனை ஒரு வாரம் திட்டினாள். பிறகு அவனோடு தேநீர் குடிக்கப் போனாள். நரைத்த முடி அம்மையாரின் கல்லூரியில் அவளுக்குத் தற்காலிகமாக ஓர் ஆசிரியர் வேலை கிடைத்தது.

கிளம்புவதற்கு முதல் நாள் மதியம், அக்கா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "அந்த கேஜ், கேஜ்னியே. ரயில் தண்டவாளத்துக்குச் சொல்வாங்களே, அதா?"

"பேரு அதான். விஷயம் வேற." சுள்ளி மாடியையும் தெருவையும் கடலையும் வைத்து விளக்கினாள். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"புரியுது," என்றாள் கடைசியில். "ஆனா பயம் போகலடி. ராத்திரி எல்லாம் இவ மூச்சு விடறாளான்னு மூக்குல விரல் வச்சுப் பாத்துட்டே இருக்கேன். தப்புன்னு நீ சொன்னதுக்கப்புறமும் போகல."

"எனக்கும்தான்," என்றாள் சுள்ளி.

அக்கா நகர்ந்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு குழந்தையைத் தூக்கி அவள் கைகளில் வைத்தாள். இதுவரை அத்தானிடம்கூட அரை மனதோடு கொடுத்தவள்.

"நான் கொஞ்சம் படுக்கறேன். தலையைத் தாங்கிப் பிடி. ஏதாவதுன்னா உடனே எழுப்பு."

படுத்த மாத்திரத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனாள். சுள்ளி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கை மரத்தது. குழந்தையின் மார்பு ஏறி இறங்கியது, ஒரு கணம் நின்றது, அவள் உயிரும் நின்றது, மறுபடி ஏறியது.